பக்கவாத்தியம் யார் என்று போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வெள்ளிக்கிழமை இசைப் பக்கத்தில் ‘புதிய வரவு’ என்ற தலைப்பில் வெளிநாட்டு ஆல்பங்களுக்கும் இடம் தருகிறீர்கள். ப்ளூகிராஸ் என்ற அமெரிக்கத் தந்தி வாத்திய இசைக்கும் அந்நாட்டின் பழைய பாணி கன்ட்ரி இசைக்கும் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் நாலு வரி கிடைப்பதே அபூர்வம். அதனால் குறை சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த நாலு வரியில் இருப்பது பாடகர் பெயர், ஆல்பத்தின் பெயர், ‘இனிமையான கிராமிய மெட்டுகள்’ என்று ஒரு பாராட்டு, அவ்வளவுதான். யார் எதை வாசித்தார்கள் என்பது ஒருமுறைகூட வந்ததில்லை.

மார்கழிக் கச்சேரி நிரலை இதே பத்திரிகை எப்படி அச்சிடுகிறது? பாட்டு இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார். இடம் எவ்வளவு நெருக்கடியானாலும் பக்கவாத்தியக்காரர் பெயரில் கை வைக்க மாட்டீர்கள். அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் எந்தச் சபாவுக்குப் போவது என்று தீர்மானிக்கிறார்கள். ப்ளூகிராஸுக்கு இந்தத் தேவை இன்னும் ஒரு படி அதிகம். கர்நாடக இசையில் பக்கவாத்தியம் மாறினாலும் அது கர்நாடக இசைதான். ப்ளூகிராஸிலோ எந்த வாத்தியங்கள் கூடியிருக்கின்றன என்பதுதான் அந்த இசையின் இலக்கணம்.

பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். ‘நீலப்புல் இசை’ என்று சில வாரங்களாகப் போடுகிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அது புல்லைப் பற்றிய பெயரல்ல, ஒரு குழுவின் பெயர். கென்டக்கி மாநிலத்துக்கு அமெரிக்காவில் ‘ப்ளூகிராஸ் மாநிலம்’ என்று செல்லப் பெயர் உண்டு. அங்கே ரோசீன் என்ற சிற்றூரில் 1911-ல் பிறந்த பில் மன்றோ, சொந்த மாநிலத்தின் நினைவாகத் தன் குழுவுக்கு ‘ப்ளூ கிராஸ் பாய்ஸ்’ என்று பெயர் வைத்தார். 1939-ல் நாஷ்வில் நகரின் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ வானொலி நிகழ்ச்சியில் அந்தக் குழு சேர்ந்தது. அவரைப் போலவே வாசிக்கும் குழுக்கள் பெருகிய பிறகு, 1950-களில்தான் அந்தப் பாணிக்கே குழுவின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆளின் பெயரை மொழிபெயர்க்காதது போல இதையும் ‘ப்ளூகிராஸ்’ என்று அப்படியே விட்டுவிடலாம்.

மன்றோவின் குழு ஆரம்பத்திலேயே இன்று நாம் கேட்கும் ஒலியைத் தந்துவிடவில்லை. 1940-களின் நடுவில் அதில் அக்கார்டியன்கூட இருந்தது. 1945 டிசம்பரில் வட கரோலினாக்காரரான ஏர்ல் ஸ்க்ரக்ஸ் தன் பான்ஜோவோடு வந்து சேர்ந்ததுதான் திருப்பம். மாண்டலினில் மன்றோ, கிட்டாரும் முன்குரலுமாக லெஸ்டர் ஃப்ளாட், பான்ஜோவில் ஸ்க்ரக்ஸ், பிடிலில் சப்பி வைஸ், நின்றபடி வாசிக்கும் பெரிய பாஸில் ஹோவர்ட் வாட்ஸ். 1946 செப்டம்பரில் சிகாகோவில் கொலம்பியா நிறுவனத்துக்காக இந்த ஐவரும் பதிவு செய்தவைதான் இன்றுவரை அளவுகோல். 1948-ல் ஃப்ளாட்டும் ஸ்க்ரக்ஸும் பிரிந்துபோய்த் தனிக் குழு கண்டார்கள். ஐந்து பேர் சேர்ந்திருந்த இரண்டு சொச்ச ஆண்டில் உருவான அமைப்பை எண்பது வருடமாக உலகம் வாசித்துக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட இசையில் ‘யார், எதை’ என்ற வரியை விட்டுவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

ட்ரம்ஸ் கிடையாது என்பதைத்தான் புதிதாகக் கேட்பவர் முதலில் கவனிக்க வேண்டும். தாளத்தை மரபான குழுக்களில் பாஸும் மாண்டலினும் பங்கு போட்டுக்கொள்கின்றன. நான்கு எண்ணிக்கையில் ஒன்றிலும் மூன்றிலும் பாஸ் விழும். பெரும்பாலும் அந்தந்த இடத்தில் ஒலிக்கும் கார்டின் (சேர்ந்தொலிக்கும் சுரக்கட்டின்) மூலசுரமும் அதன் பஞ்சமமும் மாறி மாறி. இரண்டிலும் நான்கிலும் மாண்டலின் ‘சக்’ என்று வெட்டும். வாசிப்பவர் நாலு சோடித் தந்திகளையும் ஒரே வீச்சில் தட்டி, அடுத்த கணமே இடது கை விரல்களின் அழுத்தத்தைத் தளர்த்தி நாதத்தை அறுத்துவிடுகிறார். அதனால் சுரம் கேட்காது, தட்டு மட்டும் கேட்கும். இதுதான் அங்கே மிருதங்கம். வேகமான பாடலில் இந்த வெட்டு நிமிடத்துக்கு நூற்று முப்பது, நூற்று நாற்பது தடவைகூட விழும். மாண்டலின்காரர் தனி ஆவர்த்தனத்துக்கு வரும்போது வெட்டு நின்றுபோகும். அந்த நேரத்தில் பான்ஜோவோ பிடிலோ அதை ஏந்திக்கொள்ளும். நல்ல குழு எது, சுமாரான குழு எது என்று இந்தக் கைமாற்றத்தில் பளிச்சென்று தெரிந்துவிடும். விதிவிலக்கும் உண்டு. ஜிம்மி மார்ட்டின் சில பதிவுகளில் ஸ்நேர் ட்ரம் சேர்த்தார், ஆஸ்பார்ன் சகோதரர்கள் முழு ட்ரம்ஸே வைத்தார்கள். அதற்காக அன்று வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

‘மாண்டலின்’ என்றதும் தமிழ் வாசகரின் காதில் கேட்பது உ. ஸ்ரீநிவாஸ். அது இயல்பு. ஆனால் கருவி வேறு. ஸ்ரீநிவாஸ் வாசித்தது ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலின். நாதம் நீண்டு நிற்கும், கமகத்துக்கு இடம் கொடுக்கும். ப்ளூகிராஸ் மாண்டலினில் எட்டு எஃகுத் தந்திகள், நாலு சோடியாக, வயலினைப் போலவே ஜி-டி-ஏ-இ சுருதியில். மேற்பலகையைக் குடைந்து வளைவாகச் செதுக்கி, வயலினுக்கு இருப்பது போலவே இரண்டு துளைகள் போட்டிருப்பார்கள். ஓசை ‘டக்’கென்று எழும்பி அதே வேகத்தில் அடங்கும். வெட்டு வாசிப்பு சாத்தியமாவதே அந்தக் குறை ஆயுளால்தான். மன்றோவிடம் இருந்தது கிப்ஸன் நிறுவனத்தில் லாய்ட் லோர் கையெழுத்திட்ட 1923-ம் வருட எஃப்-5 மாதிரி.

பான்ஜோ விஷயத்திலும் இதே குழப்பம். நம்மூரில் பான்ஜோ என்று கேட்டால் தட்டச்சு விசை வைத்த புல்புல் தாராவை எடுத்து நீட்டுவார்கள். ப்ளூகிராஸ் பான்ஜோ என்பது வட்டச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, அதன்மேல் குதிரை நிறுத்தி, ஐந்து தந்தி பூட்டிய கருவி. இப்போது தோல் அல்ல, பிளாஸ்டிக் படலம். வழக்கமான விட்டம் 11 அங்குலம். ஐந்தாவது தந்தி மற்றவற்றைவிடக் குட்டை. கழுத்தின் ஐந்தாவது மெட்டுக்கு (ஃப்ரெட்) அருகில்தான் அது தொடங்குகிறது. மேல் ஜி சுருதியில் வைத்து கட்டைவிரலால் மீட்டுவார்கள். வீணையின் பக்கத் தந்திகளை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்டப் புரிந்துவிடும். ஸ்க்ரக்ஸ் பாணியில் கட்டைவிரலில் பிளாஸ்டிக் நகம், சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் உலோக நகம். மூன்று விரலும் ஓயாமல் உருண்டுகொண்டே இருக்க, அந்த உருட்டலுக்குள் ராகத்தின் சுரங்கள் மட்டும் அழுத்தமாக மேலெழும்பும். பாடகர் பி சுருதியில் பாடினால் பான்ஜோக்காரர் நாலாவது மெட்டில் கேப்போ (தந்திகளை ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டுவார். குட்டைத் தந்திக்கு அது எட்டாது. அதற்கென்று ஒன்பதாவது மெட்டருகில் அடித்திருக்கும் குட்டி ஆணியில் அந்தத் தந்தியைச் சொருகிவிடுவார். மேடையில் இரண்டு பாட்டுக்கு நடுவே சுருதி கூட்டும் நேரம் இழுத்துக்கொண்டே போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த ஐந்தாவது தந்திதான்.

‘பிடில்’ என்பதை ‘வயலின் போன்ற ஒரு நாட்டுப்புறக் கருவி’ என்று எழுதியிருந்தீர்கள். நம் தாத்தாக்கள் பிடில் வித்வான் என்றுதானே சொன்னார்கள்! அதே வயலின்தான், பெயர் மட்டும் வேறு. இன்னொன்றும் உண்டு. அப்பலாச்சிய மலைப் பகுதியின் பழைய பிடில்காரர்கள் சில உருப்படிகளுக்கு நாலு தந்தியையும் ஏ-இ-ஏ-இ என்று மாற்றிக் கட்டுவார்கள். சட்ஜமம், பஞ்சமம், மறுபடி சட்ஜமம், பஞ்சமம். நம் வயலின் வித்வான்கள் கட்டும் வரிசைக்கும் இதற்கும் இடைவெளிக் கணக்கில் வேறுபாடே இல்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றதல்ல. வெற்றுத் தந்தி கூடவே முழங்க வேண்டும் என்று இருவருமே விரும்பியதன் விளைவு.

இனி, சமீபத்திய ஆல்பங்களையே எடுத்து, வாத்திய வரி இல்லாததால் என்ன குளறுபடி நேர்கிறது என்று பார்க்கலாம்.

அலிசன் க்ராஸும் அவருடைய குழுவான யூனியன் ஸ்டேஷனும் 2025 மார்ச் 28-ல் வெளியிட்ட ‘ஆர்கேடியா’. இதைப் பற்றி எழுதிய எல்லோரும் ‘14 ஆண்டுகளுக்குப் பிறகு’ என்றார்கள். 2011-ல் வந்த ‘பேப்பர் ஏர்ப்ளேன்’ ஆல்பத்துக்கு அடுத்தது இதுதான் என்பதால் அது சரியே. ஆனால் கேட்பவர் காதில் விழும் மாற்றம் வேறு. முந்தைய ஆல்பங்களில் ஆண் முன்குரலாக இருந்த டான் டைமின்ஸ்கி இதில் இல்லை. அவர் இடத்தில் ‘தேர்ட் டைம் அவுட்’ குழுவின் ரஸல் மூர் பாடுகிறார். இருவர் குரலின் கனமும் வேறு, ஏறும் விதமும் வேறு. ப்ளூகிராஸில் கூட்டுக்குரல் மூன்றடுக்கு: நடுவில் முன்குரல், அதற்கு மேல் டெனர், கீழே பாரிடோன். ஒருவர் மாறினால் மற்ற இருவரும் நகர்ந்து உட்கார வேண்டும். டோப்ரோவில் ஜெரி டக்ளஸ், பான்ஜோவிலும் கிட்டாரிலும் ரான் பிளாக், பாஸில் பேரி பேல்ஸ் என்று மற்ற மூவரும் பழையபடியே இருப்பதால்தான் அது யூனியன் ஸ்டேஷன் போலவே ஒலிக்கிறது.

டோப்ரோ என்பதை ‘ஒரு வகை கிட்டார்’ என்று முடித்துவிடுவதும் நியாயமில்லை. மடியில் அல்லது தோள்வாரில் கிடைமட்டமாக வைத்து, இடது கையில் எஃகுக் கட்டை பிடித்துத் தந்திமேல் நகர்த்தி வாசிப்பது அது. கோட்டுவாத்தியம் கேட்ட காதுக்கு விளக்கமே தேவையில்லை. உள்ளே அலுமினியத்தாலான கூம்பு ஒலியைப் பெருக்குகிறது. டோப்யேரா சகோதரர்கள் 1920-களின் கடைசியில் உருவாக்கியது. பெயரே அவர்கள் பெயரின் சுருக்கம். ப்ளூகிராஸுக்குள் அதைக் கொண்டுவந்தவர் 1955-ல் ஃப்ளாட், ஸ்க்ரக்ஸ் குழுவில் சேர்ந்த ஜாஷ் கிரேவ்ஸ். ஜெரி டக்ளஸ் 1995-ல் விஸ்வ மோகன் பட், எட்கர் மேயர் ஆகியோரோடு வாசித்த ‘போர்பன் அண்ட் ரோஸ்வாட்டர்’ ஆல்பத்தை வெளியிட்டது கலிபோர்னியாவின் வாட்டர் லில்லி அகூஸ்டிக்ஸ். அதை நடத்தியவர் கவிச்சந்திரன் அலெக்ஸாண்டர். பெயரைப் படித்ததும் தமிழ் வாசகர் நிமிர்ந்து உட்கார மாட்டாரா? ஒரு வாத்திய வரி, ஒரு தயாரிப்பாளர் வரி போட்டால் இப்படி எத்தனையோ கதவு திறக்கும்.

மோலி டட்டிலின் ‘ஸோ லாங் லிட்டில் மிஸ் சன்ஷைன்’ (2025 ஆகஸ்ட் 15) தங்கள் பட்டியலில் ப்ளூகிராஸ் என்று வந்தது. ஆள் ப்ளூகிராஸ் உலகத்தவர்தான், சந்தேகமில்லை. சர்வதேச ப்ளூகிராஸ் இசைச் சங்கத்தின் ‘ஆண்டின் சிறந்த கிட்டார் கலைஞர்’ விருதை 2017-ல் பெற்ற முதல் பெண் அவர். ‘கோல்டன் ஹைவே’ குழுவோடு வெளியிட்ட ‘க்ரூக்கட் ட்ரீ’, ‘சிட்டி ஆஃப் கோல்ட்’ இரண்டுமே சிறந்த ப்ளூகிராஸ் ஆல்பத்துக்கான கிராமி விருது பெற்றவை. ஆனால் இந்தப் புதிய ஆல்பத்தில் தயாரிப்பாளர் ஜே ஜாய்ஸ், குழு வேறு, ட்ரம்ஸ் உண்டு, நோக்கமும் வேறு. நல்ல ஆல்பம்தான். ஆயினும் ப்ளூகிராஸ் என்று நம்பி வாங்கியவருக்கு அது வேறு பண்டம். கலைஞரின் பெயரை வைத்து வகை குறித்தால் இப்படித்தான் ஆகும்; வாத்தியத்தைப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

ரியானன் கிடன்ஸும் ஜஸ்டின் ராபின்சனும் 2025 ஏப்ரலில் வெளியிட்ட இருவர் ஆல்பத்தில் பான்ஜோவும் பிடிலும்தான் இருக்கின்றன. அப்படியானால் அது ப்ளூகிராஸா? இல்லை. அதை ‘ஓல்ட் டைம்’ என்பார்கள், ப்ளூகிராஸுக்கு முந்தைய மரபு. பான்ஜோவை விரல் நகத்தின் முதுகால் கீழ்நோக்கி அடித்து, கட்டைவிரலால் குட்டைத் தந்தியைத் தட்டும் பாணி அது. உலோக நகம் கிடையாது, ஒருவர் மாற்றி ஒருவர் தனி வாசிப்பதும் கிடையாது. எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்தே வாசிப்பார்கள். வட கரோலினாவில் திறந்தவெளியில் பதிவு செய்ததால் பறவைகளும் சிள்வண்டுகளும்கூடப் பக்கவாத்தியத்தில் உண்டு. பான்ஜோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைவழி வந்த கருவி என்பதையும், கறுப்பினப் பிடில்காரர்களின் மரபையும் மீட்டெடுப்பதுதான் இந்த இருவரின் நெடுநாள் வேலை. அந்த ஆல்பத்துக்கு ‘மலைநாட்டு வெள்ளையர் இசை’ என்று குறிப்பு எழுதுவது வெறும் அச்சுப்பிழை ஆகாது.

இன்னொரு வகைச் சிக்கல், எது புதியது என்பது. பான்ஜோக் கலைஞர் டோனி ட்ரிஷ்காவின் ‘ஏர்ல் ஜாம்’ 2024-ல் வந்தது. ஏர்ல் ஸ்க்ரக்ஸும் ஜான் ஹார்ட்ஃபோர்டும் வீட்டில் சேர்ந்து வாசித்த பழைய ஒலிநாடாக்களிலிருந்து ஸ்க்ரக்ஸின் வாசிப்பைச் சுரம் சுரமாக எழுதியெடுத்து, ட்ரிஷ்கா தன் கையால் வாசித்து, பல பாடகர்களைச் சேர்த்துப் பதிவு செய்தது. ஆகவே ‘ஸ்க்ரக்ஸின் வெளிவராத பதிவுகள்’ என்று எழுதினால் தவறு, ‘ட்ரிஷ்காவின் சொந்தக் கற்பனை’ என்றாலும் தவறு. வில்லி நெல்சன் 2023 செப்டம்பரில் வெளியிட்ட ‘ப்ளூகிராஸ்’ ஆல்பத்தில் பதிவு புதிது, பாடல்கள் அவருடைய பழையவை. அவரே 2025 ஏப்ரலில் வெளியிட்ட ஆல்பம் முழுவதும் ராட்னி க்ரோவெல் எழுதிய பாடல்கள். ‘வில்லி நெல்சனின் புதிய பாடல்கள்’ என்ற ஒரே வாக்கியம் இரண்டுக்குமே பொருந்தாது.

மறுவெளியீட்டைப் புதியதென்று எண்ணி ஏமாறுவது இன்னும் சுலபம். ஸ்ட்ரீமிங் செயலியில் ஆல்பத்தின் பக்கத்தில் தெரியும் ஆண்டு, அந்தத் தொகுப்பு ஏற்றப்பட்ட ஆண்டாக இருக்கலாம். பாட்டு பதிவான ஆண்டாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. அடியில் வட்டத்துக்குள் ‘பி’ எழுத்துடன் வருவது ஒலிப்பதிவு உரிமையின் ஆண்டு. ஆனால் பழைய பதிவைத் துடைத்துச் சீரமைத்து மறுபடி விடும்போது அதையும் புதுப்பித்துப் போடுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்தெண் அடையாளம் இருக்கும். அதில் ஆறாவதும் ஏழாவதும் ஆண்டைக் குறிக்கும். அதுவும் எண் வழங்கிய ஆண்டுதான், பாடிய ஆண்டல்ல. மூன்றும் சேர்ந்து ஒத்துப்போனால் நம்பலாம். ஒத்துப்போகவில்லையென்றால் குழுவில் யார் யார் என்று பார்ப்பதுதான் வழி. பில் மன்றோவின் ‘ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி’யே சரியான உதாரணம். 1946-ல் அவர் அதை மூன்றெண்ணிக்கை வால்ட்ஸாகப் பதிவு செய்தார். 1954 ஜூலையில் எல்விஸ் பிரெஸ்லி அதை வேகநடையில் பாடிய பிறகு, அதே ஆண்டு செப்டம்பரில் மன்றோ டெக்கா நிறுவனத்துக்காக மறுபடி பதிவு செய்தார்; மூன்றில் ஆரம்பித்து நடுவில் நாலுக்குத் தாவும் நடையில். ஒரே ஆள், ஒரே பாட்டு, இரண்டு நடை. எந்தத் தொகுப்பில் எது இருக்கிறது என்று பெயரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஸ்க்ரக்ஸின் பான்ஜோ ஓடினால் 1946. அவர் 1948-லேயே போய்விட்டாரே!

தேதி பற்றியும் ஒரு வார்த்தை. 2015 ஜூலை 10 முதல் உலகெங்கும் புது ஆல்பம் வெளியாகும் நாள் வெள்ளிக்கிழமை. பெரிய செயலிகளில் அந்தந்த நாட்டு நள்ளிரவில் திறந்துவிடும். சிறு நிறுவனங்களின் சொந்த விற்பனைப் பக்கத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரை நள்ளிரவு என்றால் நமக்குக் கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் 10.30. வெள்ளிக்கிழமைப் பதிப்பில் ‘இன்று’ என்று போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஆல்பத்துக்கு முன்னால் இரண்டு மூன்று மாதமாக ஒவ்வொரு பாட்டாக விடுவது வழக்கம். ஒவ்வொரு தனிப்பாட்டையும் ‘புதிய ஆல்பம்’ என்று எண்ணி ஒரே ஆல்பத்தை மூன்று தடவை பட்டியலிட்டிருக்கிறீர்கள்.

விருதுக் காலக் கணக்கும் இதோடு சேர்ந்தது. 2026 பிப்ரவரி கிராமி விழாவுக்குக் கணக்கில் எடுத்தது 2024 ஆகஸ்ட் 31 முதல் 2025 ஆகஸ்ட் 30 வரை வெளியானவற்றை. அதனால்தான் பில்லி ஸ்ட்ரிங்ஸ் 2024 ஜூலையில் வெளியிட்ட ‘லைவ் வால்யூம் 1’ 2025-ல் விருது பெற்றது. இரண்டரை மாதம் கழித்து, செப்டம்பர் 27-ல் வந்த ‘ஹைவே பிரேயர்ஸ்’ 2026 பரிந்துரைப் பட்டியலுக்குப் போனது. பழைய ஆல்பத்துக்குத் தாமதமாக விருது என்று யாரும் எழுத வேண்டியதில்லை. இந்த ‘ஹைவே பிரேயர்ஸ்’ ப்ளூகிராஸா என்று வாதாடுகிறவர்கள் உண்டு. ஸ்ட்ரிங்ஸின் கிட்டாரோடு பான்ஜோவில் பில்லி ஃபெயிலிங், மாண்டலினில் ஜாரட் வாக்கர், பிடிலில் அலெக்ஸ் ஹார்கிரீவ்ஸ், பாஸில் ராயல் மஸாட். 1946-ன் ஐந்து நாற்காலிகளும் நிரம்பியிருக்கின்றன. என் கணக்கில் வாதம் அங்கே முடிந்துவிட்டது.

பழைய பாணி கன்ட்ரிக்கு வந்தால், அதே கிராமியில் 2026-க்கு ‘பாரம்பரிய கன்ட்ரி ஆல்பம்’ என்று தனிப் பிரிவே பிரித்துவிட்டார்கள். முன்பிருந்தது ‘சமகால கன்ட்ரி’ என்று பெயர் மாறியது. அந்தப் புதிய பிரிவின் விளக்கத்தில் வாத்தியங்களின் பெயர்களே வருகின்றன: அகூஸ்டிக் கிட்டார், ஸ்டீல் கிட்டார், பிடில், பான்ஜோ, மாண்டலின், பியானோ, எலக்ட்ரிக் கிட்டார், நேரில் அடித்த ட்ரம்ஸ். விருதுக்காரர்களே வாத்தியத்தை வைத்துத்தான் வகை பிரிக்கிறார்கள்! முதல் பரிந்துரையில் சார்லி க்ராக்கெட், லூகஸ் நெல்சன், அவர் தந்தை வில்லி நெல்சன், மார்கோ பிரைஸ், ஸாக் டாப். இவர்களில் ஸாக் டாப்பின் ஆல்பம் 2025 ஆகஸ்ட் 29-ல் வெளியானது, கெடு முடிய ஒரே நாள் இருக்க. அவர் சிறுவயதில் குடும்ப ப்ளூகிராஸ் குழுவில் பாடியவர். அவருடைய தயாரிப்பாளர் கார்சன் சேம்பர்லென், கன்ட்ரிப் பாடகர் கீத் விட்லியின் குழுவில் ஸ்டீல் கிட்டார் வாசித்தவர். விட்லியோ இளவயதில் ரால்ஃப் ஸ்டான்லியின் ப்ளூகிராஸ் குழுவில் இருந்தவர். ஒரு தயாரிப்பாளர் பெயரைப் போட்டால் மூன்று தலைமுறை தெரிகிறது.

இந்த வகையில் காது தேட வேண்டியது பெடல் ஸ்டீலை. தங்கள் குறிப்புகளில் இது எப்போதும் ‘எலக்ட்ரிக் கிட்டார்’ ஆகிவிடுகிறது. கால்கள் வைத்த மேசைபோல நிற்கும், பத்துத் தந்தி, இடது கையில் எஃகுக் கட்டை, அழுத்தும் மெட்டுகளே கிடையாது, இடம் காட்டும் கோடுகள் மட்டும். இ-9 என்ற வழக்கமான சுருதி அமைப்பில் காலுக்கு மூன்று மிதிகட்டை, முழங்காலுக்கு நாலைந்து நெம்புகோல். மிதித்தால் குறிப்பிட்ட தந்திகள் மட்டும் அரைச் சுரமோ முழுச் சுரமோ ஏறும், மற்றவை அசையாமல் நிற்கும். ஒரு சுரம் நின்றபடியே பக்கத்துச் சுரம் அதன்மேல் ஊர்ந்து ஏறுகிற அந்த அழுகுரல் இதனால் வருவதுதான். 1954-ல் வெப் பியர்ஸின் பாடலொன்றில் பட் ஐஸக்ஸ் இதை வாசித்துக் காட்டிய பிறகு நாஷ்வில்லில் இது இல்லாத குழுவே இல்லை என்றாயிற்று. இதோடு இரட்டைப் பிடிலும், 1956-ல் ரே பிரைஸ் புழக்கத்துக்குக் கொண்டுவந்த நடைபோடும் பாஸும் இருந்தால் பழைய பாணி என்று தைரியமாக எழுதலாம். பாடகரின் தொப்பியைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

ஒலித்தரம் பற்றித் தங்கள் பக்கம் எதுவும் சொல்வதில்லை. சொன்னால் வாசகருக்கு உதவும். இறுதிக்கட்ட மாஸ்டரிங்கில் சத்தத்தைக் கூட்டுவதற்காக ஒலியின் உச்சங்களை நசுக்கினால் மற்ற இசைகளைவிட ப்ளூகிராஸ் அதிகம் கெடும். பான்ஜோவின் உயிர் தந்தியில் நகம் படும் முதல் கணத்தில் இருக்கிறது. அது மழுங்கினால் பின்னால் மிஞ்சுவது தகர ஓசை. மாண்டலின் வெட்டு மழுங்கினால் தாளமே தொய்ந்துவிடும், தூக்கிப் பிடிக்க ட்ரம்ஸ் கிடையாதே. செயலிகள் எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிடுவதால் (ஸ்பாட்டிஃபையில் வழக்கமான அளவு மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ்.; அது சத்தத்தை அளக்கும் அலகு), நசுக்கிய பதிவுக்குக் கூடுதல் சத்தமும் கிடைப்பதில்லை, நசுங்கியது மட்டும் மிச்சம். ஹெட்போனில் குறைந்த ஒலியில் வைத்துக் கேட்டால், இரண்டாவது நான்காவது எண்ணிக்கையில் அந்த ‘சக்’ வறட்டு ஓசையாகத் தனியே கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் பதிவில் கோளாறு.

வாத்தியக்காரர் பெயர்களை எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். செயலியில் பாட்டின் அருகிலுள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் பங்களித்தோர் பட்டியல் வரும். பாடகரும் எழுதியவரும் இருப்பார்கள், பான்ஜோக்காரர் பலமுறை இருக்க மாட்டார். அதை நம்ப வேண்டாம். நிறுவனத்தின் செய்திக்குறிப்பு, பேண்ட்கேம்ப் விற்பனைப் பக்கம், குறுந்தகட்டின் உறைப் புத்தகம், இந்த வரிசையில் பார்த்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ரவுண்டர், ரெபெல், கம்பாஸ், மவுண்டன் ஹோம், பில்லி ப்ளூ, ரவுண்டரைத் தொடங்கியவர்களே பின்னாளில் ஆரம்பித்த டவுன் தி ரோடு ஆகிய இசைப்பதிவு நிறுவனங்களின் பக்கங்களை வாரம் ஒருமுறை பார்த்தால் முக்கியமானவை தப்பாது.

இடம் போதாது என்று சொல்ல முடியாது. மாதிரிக்கு ஒன்று: ‘ஆர்கேடியா. 2025 மார்ச் 28. டவுன் தி ரோடு. குரல், பிடில் அலிசன் க்ராஸ். குரல் ரஸல் மூர். டோப்ரோ ஜெரி டக்ளஸ். பான்ஜோ, கிட்டார் ரான் பிளாக். பாஸ் பேரி பேல்ஸ். புதிய பதிவு, ப்ளூகிராஸ்.’ தாங்கள் இப்போது ‘மனதை வருடும்’, ‘இதயத்தை மீட்டும்’ என்று எழுதும் வரிகளை எடுத்துவிட்டால் இது அங்கே தாராளமாக அடங்கும்.

படம் தேர்ந்தெடுக்கும் உதவி ஆசிரியருக்குக் கடைசியாக ஒன்று. சென்ற வாரம் ப்ளூகிராஸ் குறிப்புக்கு மேலே வந்தது நாலு தந்தி டெனர் பான்ஜோ. அயர்லாந்து இசைக்காரரும் பழைய ஜாஸ் குழுக்களும் வாசிப்பது. வட்டமும் தோலும் ஒன்றுபோல இருப்பதால் ஏமாற்றும். கழுத்தைப் பாருங்கள். பாதி வழியில், பக்கவாட்டில், ஒற்றைப் பிரடை ஒன்று துருத்திக்கொண்டிருந்தால்தான் அது ஐந்து தந்தி.

இப்படிக்கு,
இசைப் பக்க வாசகர்,
பாளையங்கோட்டை